தமிழ் ஃபாண்ட் குவியலை அடுக்க எந்த மென்பொருள் தேறும்?

ஐயாயிரம் ஆங்கில ஃபாண்ட் வைத்திருப்பவருக்கு எந்த ஃபாண்ட் மேனேஜரும் ஒத்துவரும். செரிஃப், சான்ஸ், கையெழுத்து, தலைப்பு என்று நாலு பெட்டி போட்டுப் பிரித்தால் முடிந்தது. ஐந்நூறு தமிழ் ஃபாண்ட் வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பாமினி, டாம், டாப், டிஸ்கி, டேஸ்16 என்று எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதை ஆளுக்கொரு விதமாக வகுத்த என்கோடிங்குகள், ஒவ்வொரு டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) பேக்கேஜும் தன் போக்கில் வகுத்துக்கொண்ட என்கோடிங், இதற்கெல்லாம் மேலே எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு. எல்லாமே ஒரே டிடிஎஃப் வாலை ஒட்டிக்கொண்டு ஒரே ஃபோல்டரில் கிடக்கும். அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் இருபது, இருபத்தைந்து வருடங்களாகச் சேர்ந்த குவியல் அது. ஆளுக்கு ஆள் பென்டிரைவில் வந்தது, யார் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதே மறந்துபோனது.

இந்தக் குவியலை வைத்துக்கொண்டு மென்பொருள் தேர்ந்தெடுக்கப் போகிறவர், வெளிநாட்டு விமர்சனங்கள் புகழும் வசதிகளில் பாதியை ஒதுக்கிவிடலாம். ஃபாண்ட் ஜோடி சேர்த்துத் தருவது, செயற்கை நுண்ணறிவு வைத்து 'மனநிலை' வாரியாகப் பிரிப்பது இதெல்லாம் நமக்கு ஒரு காசுக்கும் உதவாது. பார்க்க வேண்டியவை ஐந்துதான்: முன்னோட்டத்தில் நாமே தட்டச்சு செய்த வரியைக் காட்டுமா, ஃபாண்டில் உள்ள எல்லா எழுத்தையும் கட்டம் கட்டமாகத் திறந்து காட்டுமா, நம் இஷ்டத்துக்குக் குறிச்சொல் ஒட்ட விடுமா, இன்ஸ்டால் செய்யாமலே வேலைக்கு எடுத்துத் தருமா, நம் ஃபைலை நகர்த்தாமல் பெயர் மாற்றாமல் இருந்த இடத்திலேயே விட்டுவைக்குமா. இவற்றில் முதல் இரண்டு இல்லாத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தமிழுக்கு ஆகாது. காரணம் முன்னோட்டத்திலேயே இருக்கிறது.

முன்னோட்டம் சொல்லும் பொய்

ஒரு ஃபோல்டரை மேனேஜரில் சேர்த்து, முன்னோட்டப் பெட்டியில் 'தமிழ்' என்று யூனிகோடில் தட்டுங்கள். வரிசையாக இருபது ஃபாண்ட், இருபதிலும் அழகாக 'தமிழ்' தெரியும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பன்னிரண்டு வரிகளில் 'ழ'வின் வால் ஒரே மாதிரி வளைந்திருக்கும், 'மி'யின் கொக்கி ஒரே உயரத்தில் முடிந்திருக்கும். அந்தப் பன்னிரண்டும் அந்தந்த ஃபாண்டின் எழுத்தே இல்லை. ஃபாண்டில் யூனிகோடு தமிழ் இல்லாததால், மென்பொருள் விண்டோஸில் ஏற்கெனவே உள்ள நிர்மலாவை இரவல் வாங்கிக் காட்டியிருக்கிறது. உலாவி எஞ்சினை உள்ளே வைத்துக் கட்டிய மேனேஜர்களில் இது எப்போதும் நடக்கும், ஏனென்றால் இரவல் வாங்குவது உலாவியின் பிறவிக் குணம். சில மென்பொருள்கள் இரவல் வாங்காமல் வெற்றுக் கட்டங்களைக் காட்டும். அவையே நமக்கு நல்ல நண்பர்கள், குறைந்தபட்சம் பொய் சொல்வதில்லை.

அதனால் முன்னோட்டத்தில் ஒரு வரி போதாது, மூன்று வேண்டும். முதலில் 'கொக்கு ணை ஶ்ரீ ₹' என்று யூனிகோடில். இரண்டாவது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் முதல் மூன்று. மூன்றாவது, ஆங்கில விசையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து தட்டு. இந்த ஐந்தாவது தட்டுவரை பாமினி ஃபாண்டில் 'தமிழ்' என்று வந்து நிற்கும்: ஜே என்றால் த, கே என்றால் ம, பி இகரக் கொக்கி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி புள்ளி. பழைய தட்டச்சுப் பலகையைத் தழுவிய வேறு பல ஃபாண்டிலும் இதே வரி வேலை செய்யும்.

இனி படிப்பது எளிது. ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வடிவம் வருகிறதா? அது ஒருமொழி ஃபாண்ட்: பாமினி வகை, டாம், அல்லது ஏதோ ஒரு பேக்கேஜின் சொந்த என்கோடிங். ஐந்து தட்டு வரியும் சரியாக வந்தால் பாமினி வகையில் போடலாம், குழறினால் மற்றதில். ஆங்கிலம் ஆங்கிலமாகவே வந்து, தமிழ் இரவலாக இருந்தால்தான் ஆபத்து. அது வெறும் ஆங்கில ஃபாண்டாக இருக்கலாம், டாப் அல்லது டிஸ்கியாகவும் இருக்கலாம். இந்த இரண்டும் இருமொழி என்கோடிங்குகள். கீழ்ப்பாதி 128 இடங்களில் ஆங்கிலத்தை விட்டுவைத்து, மேல்பாதியில் தமிழை வைத்திருக்கின்றன. ஆங்கில முன்னோட்டத்தை மட்டும் பார்த்துப் பிரித்தவர்களின் 'ஆங்கிலம்' ஃபோல்டருக்குள் நல்ல நல்ல டாப் ஃபாண்டுகள் ஒளிந்துகிடப்பது இதனால்தான். எழுத்துக் கட்டத்தைத் திறந்து மேல்பாதியைப் பார்த்தால் ஒரு விநாடியில் தெரிந்துவிடும்.

டேஸ்16 இன்னும் தந்திரக்காரன். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற இந்த என்கோடிங், எழுத்துகளை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், இ100 தொடங்கி இ3எஃப்எஃப் வரை வைத்திருக்கிறது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் அங்கே போகாது. முன்னோட்டம் எத்தனை வரி போட்டாலும் பயனில்லை, எழுத்துக் கட்டம்தான் ஒரே வழி. பெயரின் முன்னொட்டு கொஞ்சம் கை கொடுக்கும்: தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கும் தொகுப்பில் டேஸ் என்று தொடங்குவது டேஸ்16, டிஏயு என்று தொடங்குவது யூனிகோடு. டிஎஸ்சி என்று தொடங்கினால் பெரும்பாலும் டிஸ்கி. முன்னொட்டை மட்டும் நம்பி ஃபோல்டர் மாற்றிவிடாதீர்கள், பெயரை யாரோ மாற்றி வைத்த ஃபைல்களும் இந்தக் குவியலில் உண்டு.

டாப்பா டிஸ்கியா என்று குழம்பினால், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் 'தமிழ்' என்ற சொல்லை இரண்டுக்கும் மாற்றி, ஒரு நோட்பேட் ஃபைலில் சேமித்து வைத்துக்கொண்டு, முன்னோட்டப் பெட்டியில் ஒட்டிப் பார்க்கலாம். சரியாக வாசிக்க முடிகிற வரியே விடை. டாமுக்கும் உங்கள் கடையில் புழங்கும் பேக்கேஜுக்கும் இதே மாதிரி ஒரு வரி எடுத்து வைத்தால், அந்த நோட்பேட் ஃபைல் மேனேஜரைவிட அதிகம் உழைக்கும்.

முதல் வரியில் ஏன் 'ஶ்ரீ'யும் '₹'யும்? யூனிகோடு ஃபாண்டிலும் வயது பார்க்க வேண்டும். 'ஶ' என்ற எழுத்து யூனிகோடுக்கு 2005இல் வந்தது, ரூபாய்க் குறி 2010இல். அதற்கு முன் செய்யப்பட்டுத் திருத்தம் காணாத ஃபாண்டில் இவை இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் 'ஶ்ரீ' மட்டும் வேறு தடிமனில் நிற்பதும், விலைப்பட்டியலில் ரூபாய்க் குறி மட்டும் மெலிந்து தெரிவதும் இந்த இரவலின் விளைவு. 'கொக்கு' எதற்கென்றால், ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்கிறதா என்று பார்க்க. பின்னால் நின்றாலோ, புள்ளி வட்டம் ஒன்று முளைத்தாலோ, உடனே ஃபாண்டைக் குப்பையில் போட வேண்டாம். பல நேரம் குறை முன்னோட்டம் காட்டும் மென்பொருளிடம் இருக்கும். வேர்டில் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விண்டோஸில்

நெக்சஸ்ஃபாண்ட். இலவசம், மிகச் சிறியது, இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டும் பதிப்பும் உண்டு. ஃபோல்டரைக் காட்டினால் போதும், ஃபைலை எங்கும் நகல் எடுக்காது. சொந்த முன்னோட்ட வரி, குறிச்சொல், ஒரே ஃபாண்ட் இரண்டு முறை இருக்கிறதா என்று தேடுவது எல்லாம் இருக்கிறது. நமக்கு முக்கியமானது இடப்பக்கம் உள்ள 'செட்' பகுதி. வேலைக்கு வேண்டிய ஃபாண்டுகளை ஒரு செட்டில் போட்டு வைத்தால், நெக்சஸ்ஃபாண்ட் ஓடிக்கொண்டிருக்கும் வரை அவற்றை மற்ற மென்பொருள்களில் பயன்படுத்தலாம், மூடினால் போய்விடும். கடையில் பெரும்பாலான புகார் இந்த ஒரு வரியிலிருந்து வருகிறது: லே-அவுட் திறந்திருக்கும்போதே மேனேஜரை மூடிவிட்டு, 'ஃபாண்ட் காணாமல் போய்விட்டது' என்பார்கள். குறுக்கி வையுங்கள், மூடாதீர்கள்.

குறை என்னவென்றால் இது பழைய காலத்து மென்பொருள், பெரிய மாற்றம் எதுவும் பல ஆண்டுகளாக இல்லை. ஒரே ஃபைலுக்குள் தடிமனையும் அகலத்தையும் மாற்றிக்கொள்ளும் வேரியபிள் ஃபாண்டின் அச்சுகளை இழுத்துப் பார்க்கும் வசதி கிடையாது. பழைய என்கோடிங் குவியலுக்கு அது ஒரு குறையே இல்லை. அனேக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று புதியவற்றில் வேலை செய்பவருக்குத்தான் குறை.

மெயின்டைப். நெதர்லாந்தின் ஹை-லாஜிக் நிறுவனத்துடையது, ஃபாண்ட்கிரியேட்டர் செய்கிற அதே ஆட்கள். அதனாலோ என்னவோ, ஃபாண்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை இது மற்றவற்றைவிட நன்றாகத் திறந்து காட்டுகிறது. யூனிகோடு எல்லை வாரியாக வடிகட்டும் வசதிதான் இதன் பலம்: 'தமிழ்' எல்லையைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழ் ஃபாண்டுகள் மட்டும் தனியே வரும். இலவசப் பதிப்பில் 2,500 ஃபாண்ட் வரைதான் நிர்வகிக்கலாம், அதற்கு மேல் காசு கொடுக்க வேண்டும். தமிழ்க் குவியலை மட்டும் இதில் போட்டு ஆங்கிலத்தை வெளியே விட்டால், சிறு கடைக்கு இலவசப் பதிப்பே தாங்கும்.

இந்த வடிகட்டலை ஒரு சந்தேகத்தோடு பயன்படுத்துங்கள். ஃபாண்டுக்குள் ஓஎஸ்/2 என்று ஓர் அட்டவணை உண்டு. அதில் எந்தெந்த மொழி இருக்கிறது என்று ஃபாண்ட் செய்தவரே டிக் அடித்து வைப்பார், தமிழுக்கு 20ஆம் பிட். டிக் அடிக்க மறந்தவர்களும் உண்டு, ஆங்கில மாதிரியை எடுத்துத் தமிழ் எழுத்தை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு அட்டவணையைத் தொடாமலே விட்டவர்களும் உண்டு. எந்த மென்பொருளாவது இந்த பிட்டை மட்டும் படித்துவிட்டு மொழி சொன்னால், பதில் தவறாக வரும். எழுத்துக் கட்டத்தில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையுள்ள பகுதியில் உண்மையிலேயே எழுத்து இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

கோரல்ட்ரா வைத்திருப்பவர்கள் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. 2016இல் வந்த எக்ஸ்8 பதிப்பிலிருந்து கோரல் ஃபாண்ட் மேனேஜர் கூடவே வருகிறது, அதில் சேர்த்த ஃபோல்டரில் உள்ள ஃபாண்டுகளை இன்ஸ்டால் செய்யாமலே கோரலுக்குள் பயன்படுத்தலாம். ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் மட்டும் செய்கிற கடைக்கு இதுவே அதிகம்.

ஃபாண்ட்பேஸ்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அடிப்படைப் பதிப்பு இலவசம், கூகுள் ஃபாண்ட்ஸ் உள்ளேயே இணைந்திருக்கிறது. கேட்டமரான், முக்த மலர், பவனம், கவிவாணர், மீரா இனிமை, பாலூ தம்பி 2, ஹிந்த் மதுரை என்று கூகுளின் தமிழ் வரிசையை இறக்கி வைக்காமலே ஒரு தட்டில் எடுத்துப் பார்க்கலாம். வேரியபிள் அச்சுகளை இழுத்துப் பார்க்கலாம். தோற்றமும் நன்றாக இருக்கிறது, யூனிகோடில் மட்டும் வேலை செய்கிற வடிவமைப்பாளருக்கு இதைவிடச் சுகமான இலவச மென்பொருள் இல்லை.

பழைய என்கோடிங்குக்கு இதை மட்டும் நம்ப முடியாது. உலாவி எஞ்சினை உள்ளே கொண்ட எலக்ட்ரான் மேல் கட்டிய மென்பொருள் இது, முன்னே சொன்ன இரவல் பொய்க்கு ஆளாகிற வகை. மூன்று வரிச் சோதனையைப் பழகிக்கொண்டால் சமாளிக்கலாம். ஆயிரக்கணக்கில் ஃபாண்டை ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டுத் திறந்தால் 4 ஜிபி மெஷின் மூச்சு வாங்கும், என்கோடிங் வாரியாகப் பிரித்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது. ஃபைலைத் திறந்ததும் வேண்டிய ஃபாண்டைத் தானே எடுத்துப் போடும் வசதி கட்டணப் பதிப்பில்தான்.

மேக், லினக்ஸ்

மேக்கில் கூடவே வரும் ஃபாண்ட் புக் பலர் நினைப்பதைவிடத் திறமைசாலி. ஸ்மார்ட் கலெக்ஷன் ஒன்று திறந்து, மொழி தமிழ் என்று நிபந்தனை வைத்தால் யூனிகோடு ஃபாண்டுகள் தானாக அங்கே சேரும், புதிதாக வருவதும் சேரும். பெயரில் டிஎஸ்சி, டாப், டாம் என்று தொடங்குவதற்கு ஒவ்வொரு கலெக்ஷன். சரிபார்க்கும் கட்டளை, பிய்ந்துபோன அட்டவணை உள்ள பழைய ஃபைல்களை எச்சரிக்கைக் குறியோடு காட்டிவிடும். கணினியோடு வரும் இணைமதி, தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் மூன்றையும் தொடாதீர்கள். ரைட்ஃபாண்ட், டைப்ஃபேஸ் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, அவற்றுக்குக் கொடுக்கும் காசு அழகுக்கும் வேகத்துக்கும்தான். ஃபாண்ட்எக்ஸ்ப்ளோரரை இன்னும் யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள், மோனோடைப் அதை விற்பதை நிறுத்திவிட்டது.

லினக்ஸில் ஃபாண்ட் மேனேஜர் என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் இருக்கிறது, போதுமானது. ஆனால் அங்கே உண்மையான ரத்தினம் முனையத்தில் உள்ள எஃப்சி-லிஸ்ட் கட்டளை. மொழிக்குறி டிஏ என்று கேட்டால், தமிழ் எழுதத் தேவையான எழுத்துகள் உள்ளேயே இருக்கிற ஃபாண்டுகளை மட்டும் பட்டியலிடும். டிக் அடித்ததை நம்பாமல் எழுத்துகளை எண்ணிப் பார்த்துச் சொல்லும் கருவி இது. குவியல் ரொம்பப் பெரிதென்றால், ஒரு லினக்ஸ் மெஷினில் கொட்டி யூனிகோடை முதலில் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தை விண்டோஸுக்குக் கொண்டுபோவது நேரம் மிச்சம்.

காசு கொடுக்கிற பெரிய ஆள்

எக்ஸ்டென்சிஸின் கனெக்ட் ஃபாண்ட்ஸ், பழைய சூட்கேஸ் ஃப்யூஷனின் வாரிசு. சந்தா முறை. இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப் மூன்றிலும் ஃபைலைத் திறந்த உடனே வேண்டிய ஃபாண்டை எழுப்பித் தரும் பிளக்-இன் இதன் உயிர். பெயரை மட்டும் பார்க்காமல் ஃபாண்டின் கைரேகையையும் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே தேடுகிறது. ஒரே பெயரில் நாலு பாமினி இருக்கிற நம் ஊர் நிலைமைக்கு இது நல்ல யோசனை என்றாலும், பத்து வருடத்துக்கு முன் செய்த ஃபைலில் அந்தக் கைரேகை பதிவாகியிருக்காது. பழைய வேலைகளை மீட்க இது பயன்படாது, இனிமேல் செய்யும் வேலைக்குத்தான். பத்துப் பேர் உட்கார்ந்து அடோபியில் வேலை செய்கிற அலுவலகம் என்றால் வாங்கலாம். இரண்டு மெஷின் கடைக்கு வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதில் இன்டிசைனே ஒரு வழி வைத்திருக்கிறது. வேலை ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள் 'டாக்குமென்ட் ஃபாண்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, வேண்டிய ஃபாண்டை உள்ளே வைத்துவிட்டால், அந்த ஃபைலைத் திறக்கும்போது மட்டும் அது எழும், மூடினால் அடங்கும். வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வரும் கோயில் மலர், பள்ளி ஆண்டு மலருக்கு எந்த மேனேஜரும் இதைப் போல நிம்மதி தராது.

அடுக்கும் முறை

எந்த மென்பொருளை எடுத்தாலும், அதைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை சில உண்டு. முதலில் எல்லா மெஷினிலிருந்தும் ஃபாண்டை ஒரே டிரைவில் சேருங்கள். விண்டோஸில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபாண்ட்ஸ் எல்லோருக்கும் தெரியும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வலது கிளிக் செய்து வெறுமனே இன்ஸ்டால் கொடுத்தால் ஃபாண்ட் அங்கே போவதில்லை, பயனரின் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்ற இடத்துக்குப் போகிறது. மெஷினை ஃபார்மட் செய்யும்போது பலர் தொலைப்பது இந்த அறையில் இருப்பதைத்தான். பழைய மென்பொருள்கள் சில இந்த அறையை எட்டிப் பார்ப்பதும் இல்லை. 'வேர்டில் வருகிறது, பேஜ்மேக்கரில் வரவில்லை' என்றால், எல்லாப் பயனருக்கும் என்று தேர்ந்தெடுத்து மறுபடி இன்ஸ்டால் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது நகல் ஒழிப்பு. இதில் அவசரப்பட்டால் போனது திரும்பாது. நகலில் மூன்று ஜாதி. எழுத்துக்கு எழுத்து ஒரே ஃபைல், வேறு பெயரில்: தயங்காமல் அழிக்கலாம். ஒரே ஃபாண்டின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும்: பழைய வேலைகளில் வரி மடிவது மாறிவிடும் என்பதால் பழையதையும் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஒரே பெயர், உள்ளே வேறு என்கோடிங்: இதை எந்தக் காரணத்துக்கும் அழிக்கக் கூடாது. உங்கள் மேனேஜர் நகலைப் பெயரை வைத்துத் தேடுகிறதா, உள்ளடக்கத்தை வைத்துத் தேடுகிறதா என்பது கையேட்டில் இருக்காது. சோதிப்பது சுலபம்: ஒரு ஃபாண்டை எடுத்து ஃபைல் பெயரை மாற்றி இன்னொரு ஃபோல்டரில் போட்டு, ஒரே உள்பெயர் உள்ள இரண்டு வேறு ஃபாண்டையும் போட்டு, நகல் தேடச் சொல்லுங்கள். இரண்டாவது ஜோடியையும் நகல் என்று சொன்னால் அந்த மென்பொருளிடம் அழிக்கும் பொத்தானைக் கொடுக்காதீர்கள்.

புதிய ஃபாண்டிலும் ஒரு நகல் பொறி இருக்கிறது. அனேக் தமிழ் வேரியபிளாக ஒரே ஃபைல். தனித்தனி ஃபைலாக எடுத்தால் 8 தடிமன், 5 அகலம், ஆக 40 ஃபைல். இரண்டையும் ஒன்றாக எழுப்பினால் மெனுவில் ஒரே பெயர் இரண்டு முறை வரும், எது எடுபடும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். கோரல், பழைய இன்டிசைன் புழங்கும் இடத்தில் 40 ஃபைலையும் வைத்துக்கொண்டு வேரியபிளை ஓரமாக வையுங்கள். புதிய அடோபி மட்டும் என்றால் நேர்மாறாக.

பிறகு ஃபோல்டர். யூனிகோடு, டாம், டாப், டிஸ்கி, டேஸ்16, பாமினி வகை, பேக்கேஜ் வாரியாக மற்றவை, ஆங்கிலம், சின்னங்கள் என்று முதல் அடுக்கு. அழகு வாரியான பிரிவு எல்லாம் அதற்குள்ளே குறிச்சொல்லாக இருக்கட்டும்: தலைப்பு, உடல், கல்யாணம், ஃப்ளெக்ஸ். ஒவ்வொரு பழைய என்கோடிங் ஃபோல்டரிலும் அதற்கான கீபோர்டு டிரைவர், உரிம ஃபைல், ஒரு மாதிரி வரி உள்ள நோட்பேட் ஃபைல் மூன்றையும் சேர்த்து வையுங்கள். டிடிபி பேக்கேஜோடு வந்த ஃபாண்டுகளை அந்தப் பேக்கேஜ் இல்லாத மெஷினுக்குக் கொண்டுபோக உரிமம் இடம் தராமல் இருக்கலாம். கூகுளின் தமிழ் ஃபாண்டுகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஃபாண்டுக்குள்ளேயே பிடிஎஃப்பில் பதியத் தடை போட்டிருக்கும் வகையும் உண்டு. பிரஸ்ஸுக்கு அனுப்பிய பிடிஎஃப்பில் எழுத்து மாறிப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

ஃபோல்டர் அமைத்து முடித்த பிறகுதான் மேனேஜரைத் திறக்க வேண்டும். பெரும்பாலான மேனேஜர்கள் ஃபாண்டை அதன் பாதையை வைத்தே நினைவில் வைத்துக்கொள்கின்றன. குறிச்சொல் எல்லாம் ஒட்டி முடித்தபின் ஃபோல்டர் பெயரை மாற்றினாலோ, வெளி டிரைவின் எழுத்து ஈயிலிருந்து எஃப்புக்கு மாறினாலோ, ஒட்டியது அத்தனையும் உதிர்ந்துவிடும். வெளி டிரைவுக்கு டிஸ்க் மேனேஜ்மென்டில் நிரந்தர எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், இசட் அல்லது டபிள்யூ மாதிரி வேறெதுவும் எடுத்துக்கொள்ளாததாக.

பிஎஃப்பி, பிஎஃப்எம் வால் உள்ள, அடோபியின் பழைய வடிவமான போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 ஃபாண்டுகளுக்குத் தனி ஃபோல்டர். அடோபி 2023 ஜனவரியில் அதன் ஆதரவை நிறுத்திவிட்டது, மேனேஜரில் பளிச்சென்று முன்னோட்டம் தெரிந்தாலும் புதிய இன்டிசைனில் மெனுவுக்கே வராது. அவற்றுக்காக ஒரு பழைய மெஷினை அப்டேட் செய்யாமல் விட்டுவைத்திருப்பவர்கள் புத்திசாலிகள். பேஜ்மேக்கருக்கும் அதே மெஷின்தான் கதி. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல், யூனிகோடு அதற்குத் தெரியாது. எந்த மேனேஜர் வழியாக யூனிகோடு ஃபாண்டை எழுப்பிக் கொடுத்தாலும் அங்கே கேள்விக்குறிதான் வரும்.

கடைசியாக, மேனேஜர் மேல் பழி விழும் ஆனால் மேனேஜரின் தவறே இல்லாத ஒன்று. இன்டிசைனில் யூனிகோடு ஃபாண்ட் சரியாக எழுந்திருக்கும், மெனுவில் பெயரும் இருக்கும், ஆனால் 'கொ'வின் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். ஃபாண்டை நீக்கி மறுபடி ஏற்றி அரை நாள் போகும். பத்தி அமைப்பில் கம்போசர் என்ற இடத்தில் 'வேர்ல்டு-ரெடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த நொடியே சரியாகும். எந்த ஃபைலும் திறக்காத நிலையில் ஒரு முறை அதைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டால், அதற்குப் பின் திறக்கும் புதிய ஃபைல் எல்லாவற்றுக்கும் அதுவே நிலைக்கும்.